கீழ்வரிசைச் சிவப்பு

ஆ-ஷெங் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. இருபத்தாறு வருஷமாக அவன் தச்சு வேலை முடித்துவிட்டுப் போகும் வீடுகளில் நான் பின்னாலேயே போய்ப் பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, பெயின்ட் அடிக்கிறேன். அவன் அடித்த ஆணியின் ஓட்டையை அடைப்பதும், இரண்டு பலகை சேரும் கோட்டைக் காணாமல் அடிப்பதும் என் வேலை. மற்ற தச்சர்கள் விட்ட பிசகை மறைக்கவே எனக்குப் பாதிப் பட்டி செலவாகும். ஆ-ஷெங்கிடம் அந்தத் தொல்லை கிடையாது, அரை மில்லி பிசகாது. அப்படிப்பட்ட கைக்காரன் பெற்ற பெண் விஷயத்தில் இப்படி ஒரு திருட்டு வேலை செய்வான் என்று எவனாவது சொல்லியிருந்தால் அவன் வாயிலேயே போட்டிருப்பேன்.

அவன் வீடு சான்ச்சோங்கில், சந்தைக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் கட்டிடத்தில் மூன்றாவது மாடி. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற சமையலறை. படுக்கையறைக்கு நடுவே உத்திரம் ஓடுகிறது. உத்திரத்துக்கு அடியில் படுக்கக் கூடாது என்பதால் அதற்குக் கீழே துணி அலமாரி கட்டி, மிச்ச இடத்தில் கட்டிலை நெருக்கிப் போட்டிருந்தார்கள். இன்னொரு கட்டில் அங்கே நுழையாது. மகள் பெய்-ஷான் எட்டு வயதிலிருந்து கூடத்துச் சோஃபாவில்தான் படுத்தாள். இப்போது அவளுக்குப் பதினான்கு. உடை மாற்றக் குளியலறைக்குப் போவாள். படிக்கத் தெருமுனைக் கடையில் ஒரு பால் டப்பா வாங்கி வைத்துக்கொண்டு உட்காருவாள். அப்பாவின் கூட்டாளிகள் சோஃபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்து பேஸ்பால் பார்த்துவிட்டுக் கிளம்பிய பிறகுதான் அவளுக்குத் தூக்கம். அந்தக் கூட்டாளிகளில் நானும் ஒருவன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சோஃபாவுக்கு எதிரே இரண்டு தூண்கள் துருத்திக்கொண்டு நிற்கும். நடுவில் சுவர் அறுபது சென்டி உள்வாங்கியிருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், தைப்பேயில், இப்படி ஓர் உள்வாங்கலைக் கண்டால் ஆ-ஷெங் விடமாட்டான். அதற்குள் துணி அலமாரி வைப்பான், மடக்குக் கட்டில் வைப்பான், இஸ்திரிப் பலகையைச் சொருகுவான், எல்லாவற்றையும் மூடிக் கதவு போட்டு வெறும் சுவர் மாதிரி ஆக்கிவிடுவான். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அவன் சொந்த வீட்டு உள்வாங்கலில் மின்விசிறி, மழைக்கோட்டு, அரிசி மூட்டை, ஒடிந்த ஏணி என்று எல்லாம் குவிந்து கிடந்தது.

அவன் மனைவி லி-யூன், சந்தை முனையில் மதியச் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் கடையில் பன்றிக்கறித் துண்டு பொரிக்கிறாள். காலை ஐந்து மணிக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவாள். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த புள்ளிகள். ஆறு வருஷமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தப் பொந்துக்குள்ள அவளுக்கு ஒரு கட்டில் பண்ணிக் குடுங்க. ஒரு திரை போட்டா போதும். பொம்பளப் புள்ளைங்க."

"பண்றேன் பண்றேன். இந்த வேலை முடியட்டும்."

"தைப்பேயில எவளோ ஒருத்தி பூனைக்குக் கக்கூஸ் வைக்கச் சுவத்துக்குள்ள இடம் எடுத்துக் குடுத்தீங்க. பூனைக்குக் கதவு வேற."

"அது காசு குடுக்கிற பூனை."

இதைச் சொல்லி அவன் சிரிப்பான், நாங்களும் சிரிப்போம். அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

இந்த ஏப்ரலில், கல்லறை துப்புரவு செய்யும் நாள் முடிந்த அடுத்த வாரம், திடீரென்று ஆ-ஷெங் பொந்தைக் காலி செய்தான். ஏணியைத் தூக்கி எறிந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்தான். சட்டம் எழும்பியது, பின்பலகை ஏறியது. லி-யூனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மெத்தை வாங்கிப் பிளாஸ்டிக் உறையோடு மாடிப்படியில் சாய்த்து வைத்தாள். பெய்-ஷான் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி, மேலே தன் பெயரை எழுதி ஒட்டினாள். அடுத்த மே மாசம் அவளுக்கு மேல்நிலைப் பள்ளிக்கான பரீட்சை. "கட்டிலுக்கு அடியில மேசை வருமாம்மா?" என்று நாளைக்கு நான்கு தடவை கேட்பாள்.

மே கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். அது விடாத மழைக் காலம். இந்த மாசத்தில் பட்டி வைப்பது சோறு வடிக்கும் ஆவியில் துணி காயப் போடுவது மாதிரி, எதுவும் காயாது. புதன்கிழமை காலை ஆ-ஷெங் என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். நான் தூசி தட்டினேன், மறைப்புத்தாள் வெட்ட அளவு எடுத்தேன். அகலம் இருநூற்று மூன்று சென்டி.

எங்கள் ஊர் டேப்பில் நடுவில் சென்டிமீட்டர் ஓடும். மேலே ஒரு வரிசை எழுத்து, கீழே ஒரு வரிசை எழுத்து. மேல்வரிசை உயிரோடு இருப்பவர்களுக்கு. கதவு, கட்டில், மேசை எல்லாம் அதைப் பார்த்து அளக்க வேண்டும். கீழ்வரிசை செத்தவர்களுக்கு. கல்லறையும், செத்தவர்கள் பெயரை எழுதி வீட்டில் வைத்துக் கும்பிடும் முன்னோர் பெயர்ப்பலகைக்கான மாடமும் அதைப் பார்த்து. சிவப்பு எழுத்தில் நின்றால் நல்லது, கருப்பில் நிற்கக் கூடாது. எந்த மடத் தச்சனும் கட்டிலைக் கீழ்வரிசை பார்த்துச் செய்யமாட்டான்.

இருநூற்று மூன்று மேலே கருப்பு, கீழே சிவப்பு. 'செழிப்பு' என்று போட்டிருந்தது. உயரத்தை அளந்தேன், கீழே சிவப்பு. நடுத்தட்டு, கீழே சிவப்பு. தட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் சின்ன விளக்குக்கு மின்கம்பி இழுத்து விட்டிருந்தான். சரி, திட்டத்தை மாற்றிவிட்டார்கள் போல, புருஷன் பெண்டாட்டி பேசி முடிவெடுத்திருப்பார்கள் என்று நான் பாட்டுக்கு முதல் கை பட்டி இழுத்தேன்.

இரண்டேகாலுக்கு லி-யூன் வந்தாள். எனக்கும் ஒரு சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்திருந்தாள். கறித்துண்டு, சோயாவில் வெந்த முட்டை, மூங்கில் குருத்து. குடையை மடக்கி வைத்துவிட்டு நேராகக் குனிந்து சோஃபாவுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். மடக்குக் கட்டிலுக்கான கீல்கள். ஒரு வீட்டுக்காரர் வேண்டாமென்று விட்டதை ஆ-ஷெங் மூன்று வருஷத்துக்கு முன் கொண்டுவந்து போட்டிருந்தான். அவள் அதை இடுப்பில் கட்டியிருந்த கடைத்துணியால் துடைத்தாள்.

"கோ அண்ணே, இந்தக் கீல் எந்த உயரத்துல வரும்? அங்க பெயின்ட் அடிச்சா மறுபடி பேந்துராது?"

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. வாயில் முட்டையோடு சொன்னேன்.

"முன்னோர் மாடத்துக்குக் கீல் எதுக்கும்மா?"

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"எது மாடம்?"

சொன்னதை விழுங்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள் என் டேப்பைப் பிடுங்கினாள். அகலத்தை அளந்தாள், உயரத்தை அளந்தாள், முட்டிபோட்டுத் தட்டை அளந்தாள். எழுத்துக்கு மேல் விரலை வைத்து வைத்துப் படித்தாள். பிறகு டேப்பைச் சுருட்டாமல் அப்படியே தரையில் விட்டாள். போனை எடுத்து, "வீட்டுக்கு வா" என்றாள். "இப்பவே. யாரு செத்தான்னு கேக்காத, வா."

அவள் அவனை நீ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

ஆ-ஷெங் முக்கால் மணியில் சொட்டச் சொட்ட நனைந்து வந்தான். கிளம்ப எழுந்த என்னை லி-யூன் விடவில்லை. "நீங்க உக்காருங்கண்ணே. சாட்சி வேணும்" என்றாள்.

"யாருக்கு இது?"

"என்ன யாருக்கு?"

"இந்தப் பொந்து. யாருக்குக் கட்டின?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பெட்டியில் மிச்சமிருந்த பாதி முட்டையைப் பார்த்தேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? உங்கப்பன் வந்து உக்காந்த பொறகா?"

"மெதுவாப் பேசு, கீழ்வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். மூணு மாடிக்கும் கேக்கட்டும்."

விஷயம் துண்டு துண்டாக வெளியே வந்தது. அவன் அண்ணன் ஜின்-ஃபா, மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், மார்ச் மாசம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் வைத்த புது வீட்டுக்குப் போனார். பெற்றோரின் பெயர்ப்பலகை மூத்தவர் வீட்டில்தான் இருக்க வேண்டும், இத்தனை வருஷம் இருந்தது. புது வீட்டில் அதற்கு இடமில்லையாம். கல்லறைக்குப் போன அன்றைக்கு ஆ-ஷெங்கின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். ஒன்று நீ எடுத்துக்கொள், இல்லாவிட்டால் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிடுவேன் என்றிருக்கிறார். இவன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். நாளும் குறித்தாகிவிட்டது, வரும் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணி.

"எடமில்லயாமா?" என்றாள் லி-யூன். "அந்த வீட்டுக் கூடத்துல டிவிக்கு ஒரு சுவர் இருக்கே, பளிங்குக்கல்லு பதிச்சு. யாரு கட்டினது அதை?"

"நான்தான்."

"டிவிக்கு எடமிருக்கு. பெத்தவங்களுக்கு எடமில்ல."

"அண்ணி ஒத்துக்கலை லி-யூன். வர்றவங்க போறவங்க ஊதுபத்திப் புகையைப் பாத்தா ஒருமாதிரி இருக்கும்ங்கிறா."

"அண்ணி ஒத்துக்கலன்னா விட்டுருவீங்க. நான் ஒத்துக்கறனான்னு எவனாவது கேட்டீங்களா?"

"எங்கப்பா அம்மாவை நான் கோயில் வராண்டாவுல விடணுமா?"

"உங்கப்பாவா? பெய்-ஷான் நம்மகூடக் கட்டில்ல படுத்த காலத்துல, கடைசி எட்டு மாசம் எங்க கிடந்தாரு உங்கப்பா? இந்தச் சோஃபாவுல. மலம் எடுத்தது யாரு? நான். அண்ணி வந்தா, மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரு ஆரஞ்சுப் பழம் வெச்சிட்டுப் போனா. எனக்கு உங்கப்பா மேல ஒரு கோவமும் இல்ல. என் கையில கஞ்சி குடிச்ச மனுஷன். அவரைக் கேட்டா அவரே சொல்லுவாரு, புள்ளைக்குக் குடுன்னு."

"வேற சுவர் இல்லை லி-யூன். மத்ததுக்குப் பின்னால எல்லாம் கக்கூஸும் அடுப்படியும், மாடத்துக்கு ஆகாது. பின்பக்கம் கெட்டியா இருக்கிறது இது ஒண்ணுதான். நானும் ராப்பகலா யோசிச்சுப் பாத்தேன்."

நடுவில் நான் மூக்கை நுழைத்தேன். "மேல மாடம், கீழ கட்டில்னு பாதிப் பாதியா..."

"செத்தவங்க காலடியில என் பொண்ணு படுக்கணுமாண்ணே? நீங்க உங்க பொண்ணைப் படுக்க வெப்பீங்களா?"

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தேன்.

"ஆறு வருஷம்" என்றாள் அவனிடம். குரல் இறங்கியிருந்தது, அது இன்னும் பயமாக இருந்தது. "ஆறு வருஷம் நாளைக்கு நாளைக்குன்ன. சரி, ஏழை வீடு, வேலை இருக்குன்னு பொறுத்தேன். ஆனா ஏழு ஞாயித்துக்கெழமை அவ கண்ணு முன்னாடியே ஆணி அடிச்சிருக்க. அவ உனக்குப் பலகை பிடிச்சுக் குடுத்திருக்கா. அப்பா, மேசை வருமான்னு கேட்டப்ப வரும்னு சொல்லியிருக்க. அவ படுக்கிற எடம்னு சொல்லிக்கிட்டே கீழ்வரிசை பாத்து அளந்திருக்கியே, உனக்குக் கை கூசல?"

ஆ-ஷெங்கின் சட்டையிலிருந்து தண்ணீர் என் மறைப்புத்தாள் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து இரண்டு அறை விடலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெய்-ஷான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நின்றாள். படியிலேயே எல்லாம் கேட்டிருக்கும். செருப்பைக் கழற்றினாள், ஈர சாக்ஸோடு உள்ளே வந்தாள், யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்குச் சோஃபாவே போதும்மா. பழகிருச்சு."

லி-யூன் அதுவரை அழவில்லை. அதைக் கேட்டதும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பாத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தொட்டியில் விழுந்தன. பெய்-ஷான் தன் பெயர் எழுதிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மெத்தைக்குப் பக்கத்தில் படியில் வைத்தாள். ஆ-ஷெங் வேலைக்கே திரும்பக் கிளம்பினான். அவன் பின்னாலேயே போய்ப் படியில் பிடித்தேன்.

"என்னடா மனுஷன் நீ?"

"அண்ணன் அழுதாருடா கோ. அம்பத்தெட்டு வயசுல, கல்லறை முன்னாடி நின்னு அழுதாரு. நான் என்ன செய்யட்டும்?"

"இங்க அழுவறவங்களை நீ எண்ணவே இல்லையே."

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தான். மூன்று நாள் அவன் இருட்டிய பிறகு வந்து வெளிச்சம் வருமுன் போனான் என்று பிறகு தெரிந்தது.

சனிக்கிழமை மதியம் லி-யூன் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, அஞ்சு சென்டி ரீப்பர் கட்டை இருக்கா? ரெண்டரை மீட்டர் நீளம்."

"எதுக்கு?"

"பட்டி டப்பாவும் எடுத்துட்டு வாங்க."

போனேன். மேசை மேல் டேப்பும், பெய்-ஷானின் கணக்கு நோட்டும் கிடந்தன. நோட்டில் இரண்டு பக்கம் முழுக்க லி-யூன் எண்களை எழுதி அடித்திருந்தாள். கடைசியில் ஒன்றை மட்டும் வட்டம் போட்டிருந்தாள், நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"பாருங்க" என்று டேப்பை இழுத்துக் காட்டினாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டில் கீழ்வரிசை கருப்பு, 'கேடு'. மேல்வரிசை சிவப்பு, 'பதவி'. அரை சென்டி அங்கே இங்கே போனால் இரண்டில் ஒன்று மாறிவிடும். அந்த அரை சென்டியைத்தான் அவள் மூன்று நாளாகத் தேடியிருக்கிறாள்.

"கட்டில் சட்டத்தோட நூத்தித் தொண்ணூத்தாறு. உள்ள போயிரும். ஒரு பக்கம் அஞ்சு சென்டி கட்டை வெச்சா போதும். நாளைக்கு மூத்தவர் வந்து அளப்பாரு. அவரு அளக்காம ஒரு நாற்காலிகூட வாங்கமாட்டாரு. கருப்பைப் பாத்தா பலகையைக் கீழ இறக்கமாட்டாரு."

நான் பட்டி டப்பாவைக் கீழே வைத்தேன். "இன்னொரு தச்சன் வேலையில நான் கை வெச்சதில்லம்மா. அதுவும் செத்தவங்க காரியம். எனக்கும் புள்ள குட்டி இருக்கு."

"செத்தவங்களை நான் சமாதானம் பண்ணிக்கறேன். எனக்கு அவங்களைத் தெரியும். நீங்க கட்டையை வெச்சு, பொறந்ததுலருந்து அங்கயே இருந்த மாதிரி பூசிக் குடுங்க."

"ஆ-ஷெங் தடவிப் பாத்தாலே கண்டுபிடிச்சிருவான்."

"கண்டுபிடிக்கட்டும். அவரு என்ன பண்ணுறாருன்னு நானும் பாக்கணும்."

நான் தயங்கினேன். அவள் சோஃபாவைக் காட்டினாள்.

"கோ அண்ணே, இதுல உக்காந்து எத்தனை மேட்ச் பாத்திருப்பீங்க? அவ அந்த மூலையில முட்டியைக் கட்டிக்கிட்டு, நீங்கள்லாம் எப்படா எந்திரிப்பீங்கன்னு உக்காந்திருப்பா. ஒருநாளாவது பாத்தீங்களா?"

பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கீழே போய் வண்டியிலிருந்து கட்டையை எடுத்து வந்தேன்.

ஒரு பக்கத் தூணை ஒட்டி மேலிருந்து கீழ்வரை கட்டையை நிறுத்தினேன். மூன்று இடத்தில் அளந்து, இழைத்து, மறுபடி அளந்தேன். லி-யூன் டேப்பின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆணி அடித்து, ஓரத்தில் வலைநாடா ஒட்டி, பட்டி இழுத்தேன். மழை நின்றபாடில்லை, பட்டி காய்ந்தபாடில்லை. அவள் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து கீழேயிருந்து மேலே பிடித்தாள். அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்த மின்விசிறியையும் போட்டோம். ஃபியூஸ் போனது, மாற்றினோம். இரண்டாவது கை பட்டி, உப்புத்தாள், பிரைமர், பெயின்ட். மாலை ஆறு மணிக்கு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கே கோடு தெரியவில்லை. என் தொழிலில் அதைவிடச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டது ஆ-ஷெங். படையல் மேசை தூக்க ஆள் வேண்டுமாம். பத்தேமுக்காலுக்குப் படியில் செருப்புச் சத்தம். ஜின்-ஃபா முன்னால் வந்தார். சிவப்புத் துணி போர்த்திய மூங்கில் கூடையை நெஞ்சோடு அணைத்திருந்தார். அவர் மனைவி பின்னால் கருப்புக் குடையைக் கூடைக்கு மேல் பிடித்தபடி. மாடிப்படிக்குள் மழை ஏது, ஆனாலும் குடையை மடக்கக் கூடாது. "அப்பா, படி ஏறுறோம். அம்மா, திருப்பம் வருது, பாத்து" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். மனுஷன் கெட்டவர் இல்லை, பெண்டாட்டிக்குப் பயந்தவர். அதனால் என் கோபம் ஒன்றும் குறையவில்லை.

லி-யூன் கும்பிட்டு, தேநீர் வைத்தாள். பெய்-ஷான் சோஃபாவின் மூலையில், தன் இடத்தில், உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"அடடா, நல்லா வந்திருக்கே" என்றாள் அண்ணி. "எங்க வீட்டைவிட இங்கதான் அவங்களுக்குத் தோது. கலகலன்னு இருக்கும்."

"ஆமா அண்ணி. உங்க வீட்டுல டிவி சத்தம் தொந்தரவா இருக்கும்" என்றாள் லி-யூன்.

ஜின்-ஃபா கூடையை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். "தம்பி கையில பிசகு வராது. இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கு" என்று அகலத்துக்கு வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். மறுபடி வைத்தார்.

"ஆ-ஷெங். இருநூத்தி மூணுன்னு சொன்னியே."

"ஆமா."

"நூத்தித் தொண்ணூத்தெட்டு வருது. கருப்புடா. கேடுன்னு போட்டிருக்கு."

ஆ-ஷெங் வந்து குனிந்தான். டேப்பைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை ஓரத்தில் வைத்து மேலிருந்து மெதுவாக இறக்கினான், பாதியில் விரல் நின்றது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அப்புறம் லி-யூனைப் பார்த்தான். அவள் தேநீர்த் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் கண்ணையே பார்த்தாள், இமைக்கவில்லை. ஒரு சுத்தியல், ஒரு நெம்பு, இரண்டு நிமிஷத்தில் அந்தக் கட்டையை அவன் பிடுங்கிவிடலாம்.

"ஓரத்துல என்னவோ கட்டை மாதிரி இருக்கே" என்றாள் அண்ணி. "அஞ்சு சென்டிதானே, எடுத்துருப்பா. ஒரு மணி வரைக்கும் நல்ல நேரம் இருக்கு."

ஆ-ஷெங் நிமிர்ந்தான்.

"எடுக்க முடியாது அண்ணி. தூணோட சேத்துக் கட்டின கட்டை. அதை எடுத்தா மொத்தமும் கழண்டுரும்." அண்ணன் பக்கம் திரும்பினான். "நான் தப்பா அளந்துட்டேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவன் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. ஒரு தடவை ஒரு வீட்டுக்காரர் பொய்யாக அளவு தப்பு என்று சொன்னதற்கு, செய்த வேலையை விட்டுவிட்டு வந்தவன்.

"தப்பா அளந்தியா? நீயா?" ஜின்-ஃபாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஊதுபத்தி ஏத்தி, சொல்லி, கூட்டிட்டு வந்தாச்சுடா. இப்ப எங்கடா கொண்டுபோறது? வீட்டுல எடம் ஏது?"

"இருக்கு" என்றான் ஆ-ஷெங். "உங்க டிவி சுவர். நடுவுல உள்வாங்கின எடம் இருநூத்தி நாப்பத்திரெண்டு சென்டி. போய் அளந்து பாருங்க. கீழ்வரிசையில சிவப்பு."

"என்ன சொல்ற?"

"கட்டும்போதே அப்படித்தான் கட்டினேன் அண்ணே. உயரமும் சரியா இருக்கும். பின்பக்கம் கெட்டிச் சுவர். விளக்குக்குக் கம்பிகூட இழுத்து விட்டிருக்கேன், டிவிக்குப் பின்னால இருக்கு. அப்பா அம்மாவை நீங்க விடமாட்டீங்கன்னு நெனச்சேன்."

அண்ணி வாயைத் திறந்தாள். லி-யூன் முந்திக்கொண்டாள்.

"டிவியை இங்க குடுத்து அனுப்பிருங்க அண்ணி, எடம் பத்தலன்னா. சோஃபாவுக்கு எதிர்ல வெச்சுக்கறோம். இனிமே சோஃபா காலியாத்தான் இருக்கும்."

ஜின்-ஃபா நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். கூடையை மனைவி கையிலிருந்து திரும்ப வாங்கி நெஞ்சோடு அணைத்தார். "குடையைப் பிடி" என்றார் அவளிடம். அவர் அந்தக் குரலில் அவளிடம் பேசி நான் கேட்டதே இல்லை. "அப்பா, படி இறங்குறோம். அம்மா, வீட்டுக்குப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே மூன்று மாடியும் இறங்கினார்.

அவர்கள் போன பிறகு ஆ-ஷெங் லி-யூன் பக்கத்தில் போய் நின்றான். ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று நினைத்தான் போல. நானும் நினைத்தேன். அவள் சோஃபாவுக்கு அடியில் காலை விட்டுக் கீல் பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். டேப்பை எடுத்து அவன் நெஞ்சில் எறிந்தாள்.

"அண்ணன் வீட்டுல கம்பி இழுக்கத் தெரிஞ்சுது. இங்க பொய் சொல்லத்தான் தெரிஞ்சுது. மேல்வரிசையைப் பாத்து அள. சத்தமாப் படி. அவளுக்குக் கேக்கணும்."

அவன் அளந்தான். "நூத்தித் தொண்ணூத்தெட்டு. சிவப்பு. பதவி" என்று படித்தான். பெய்-ஷான் சோஃபாவிலிருந்து மெல்ல எழுந்து வந்து, அவன் விரலுக்குக் கீழே எழுத்தைத் தானும் ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு படிக்குப் போய் அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்தாள்.

பலகை அறுத்தோம், சட்டம் பூட்டினோம். கீல் ஏறியது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கட்டில் சுவரிலிருந்து இறங்கி நின்றது. பின்னால் புத்தகத் தட்டு, மேலே மாடத்துக்கு என்று இழுத்த கம்பியில் படிக்கிற விளக்கு. பெய்-ஷான் ஏறிக் காலை நீட்டினாள், திரையை இழுத்து மூடினாள். உள்ளேயிருந்து வெகுநேரம் ஒரு சத்தமும் வரவில்லை. "என்னடி?" என்று லி-யூன் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சும்மா இருக்கேன்" என்றாள்.

லி-யூன் படுக்கையறைக்குள் போய் ஒரு தலையணையும் போர்வையும் எடுத்து வந்து சோஃபா மேல் போட்டாள்.

"இது யாருக்கு?" என்றான் ஆ-ஷெங்.

"உனக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"அவ எத்தனை வருஷம் படுத்தாளோ அத்தனை வருஷத்துக்கு."

நான் பட்டித்தகட்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அன்றைக்கு பேஸ்பால் இருந்தது, ஆனால் உட்காரச் சோஃபாவில் இடமில்லை.